கடல் காணாத ஊரில் மீனும் சோறும்: கொங்கு நாட்டு அருளுரைக்கு ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

பல்லடத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடல் தொலைவில்தான் இருக்கிறது. மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டும். கிழக்கே போனால் காவிரியோடு கடைசி வரை நடக்க வேண்டும். ஊரின் பிழைப்பு விசைத்தறியும் கறிக்கோழியும். இங்கே ஞாயிற்றுக்கிழமை பேதுருவின் படகைப் பற்றிப் பேச எழும் போதகருக்கு ஒரு தயக்கம் வருவது இயல்பு. கேட்பவர்களில் பலர் படகில் கால் வைத்ததே இல்லை. அதனால் அருளுரை சீக்கிரமே தண்ணீரை விட்டுக் கரையேறிவிடுகிறது. வலை என்றால் நற்செய்தி, மீன் என்றால் மனிதர், கடல் என்றால் உலகம் என்று ஆகி, தொழில் மறைந்து அடையாளம் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஒரு பெரும் கிளை கடற்கரையில் வேர்விட்டது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்தார். அவருக்குப் பின் அதே கரையில் பல ஆண்டுகள் உழைத்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அந்த மக்களுக்கு வேதத்தின் படகு தங்கள் வீட்டுப் படகு. விளக்கம் தேவைப்படவில்லை. கொங்கு நாட்டுக்கு நற்செய்தி வேறு வழியில் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் வழியாகச் சத்தியமங்கலம் பக்கம் இயேசு சபையார் வந்தனர். 1830இல் இலண்டன் மிஷனரி சங்கத்தின் வில்லியம் ஆடிஸ் கோயம்புத்தூரில் பணி தொடங்கினார். 1850இல் பாரீஸ் வேதபோதக சபையாரின் பொறுப்பில் கோயம்புத்தூர் தனி மறைப்பகுதியானது. இவர்கள் இங்கே சந்தித்தவர்கள் உழவர், நெசவாளர், பண்ணையாட்கள், தோல் தொழிலாளர். கடற்கரை உவமை இவர்களிடம் இரவல் பொருளாகவே வந்து சேர்ந்தது.

அந்த இரவல் தேவையே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். நற்செய்தி நூல்களின் மீன்பிடிப்பு நன்னீர் ஏரியில் நடந்த தொழில். அவற்றின் சாப்பாடு ஏழையின் அன்றாடச் சாப்பாடு. இரண்டையும் விளங்கிக்கொள்ளத் தேவையான அறிவு மேட்டூரிலும் பவானிசாகரிலும் அமராவதியிலும், பல்லடத்துத் தறிக்கூடத்திலும் கோழிப்பண்ணையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஈரோட்டில் பணியாற்றிய ஹெர்பர்ட் பாப்லி இம்மண்ணின் இசையை முறையாகக் கற்று, அதில் நற்செய்தியைச் சொன்னார். 1921இல் இந்திய இசை பற்றி நூலும் எழுதினார். இசைக்கு அவர் காட்டிய மரியாதையை இங்குள்ள உழைப்புக்கும் உலைக்கும் காட்ட முடியுமா என்பதே என் கேள்வி.

2. ஏரித் தொழில்

2.1 நீர்ப்பரப்பு

கலிலேயாக் கடல் எனப்படுவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 210 மீட்டர் அளவு கீழே கிடக்கிறது. பரப்பு சுமார் 166 சதுர கிலோமீட்டர். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். ஆக, ஆடிப்பெருக்கு நாளில் நிறைந்த மேட்டூரைக் கண்ட எவரும் பேதுருவின் நீர்ப்பரப்பை ஏறக்குறையக் கண்டவரே. எதிர்க்கரை தெரியும், மலைச்சரிவிலிருந்து திடீரென்று காற்று இறங்கும், கரையில் நின்று கூப்பிட்டால் கிட்டத்தில் உள்ள படகுக்குக் கேட்கும். யோவான் 21இல் கரையில் நின்றவர் படகிலிருந்தவர்களோடு பேசுவது இந்த அளவில்தான் பொருந்துகிறது.

மீனும் அந்நியமல்ல. அந்த ஏரியின் பேர்பெற்ற மீனை இன்று 'பேதுருவின் மீன்' என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பரிமாறுகிறார்கள். அது திலாப்பியாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஆப்பிரிக்க உறவு 1952இல் இந்தியாவுக்கு, முதலில் மண்டபத்துக்கு, வந்து சேர்ந்து இன்று நம் அணைகளிலும் குளங்களிலும் பெருகிக் கிடக்கிறது. நாம் அதை ஜிலேபி மீன் என்கிறோம். அமராவதி அணையில் அதன் ஆதிக்கம் மீன்வளத் துறையினர் நன்கு அறிந்தது. சுதேசி மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்ட குறையையும் மறைக்க வேண்டாம். ஆனால் ஞாயிறு மதியம் பல்லடத்து வீட்டுக் குழம்பில் கிடக்கும் ஜிலேபி, கப்பர்நகூமில் வலையில் விழுந்த மீனுக்குப் பங்காளி என்பது உண்மை.  

2.2 அலசிய வலை

லூக்கா 5ஆம் அதிகாரத்தில் மீனவர்கள் வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு விவரத்தில் தொழில் முழுவதும் இருக்கிறது. அக்காலத்து வலை ஆளி நாரால் ஆனது. அலசிக் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். நார் வலை பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்குத் தெரியும் என்பதால் இரவில்தான் இறக்குவார்கள். ஏரிக்கரையில் உள்ள எயின் கெவ் கூட்டுப் பண்ணையில் மீனவராக வாழ்ந்து இந்த ஏரியின் பழைய வலைகளை ஆராய்ந்த மெண்டல் நுன் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆகவே பேதுருவின் மறுமொழியைச் சோர்வென்றோ அவிசுவாசமென்றோ சொல்லிவிடக் கூடாது. இரவெல்லாம் உழைத்து ஒன்றும் அகப்படவில்லை என்று அவர் சொல்வது தொழில்காரரின் அறிவு. தச்சர் ஒருவர் வந்து, வெயில் ஏறிய பிறகு, ஆழத்தில் போட்டுப் பாருங்கள் என்கிறார். போட்டால் அலசிய வலை மறுபடி அழுக்காகும். மறுபடி அலசி, காயவைத்து, அதற்குப் பிறகுதான் தூங்கப் போக முடியும். பேதுரு கீழ்ப்படிந்ததன் விலை அந்த இரண்டாவது அலசல்.

இன்றைய நைலான் வலை மக்குவதில்லை. அதனால் இந்த நுட்பம் மீனவருக்கே மறந்துவருகிறது. மற்ற வேலை மாறவில்லை. பவானிசாகரில் மாலையில் பரிசலில் போய் வலை கட்டிவிட்டு விடியலில் எடுக்கிறார்கள். மிதவையைப் பிடித்து, கைமேல் கையாக இழுத்து, செவுளில் மாட்டிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஜிலேபியின் முதுகு முள் விரலைக் கிழிக்கும். தண்ணீரில் ஊறிய விரலில் அந்தக் கீறல் சீக்கிரம் ஆறாது. பரிசல் ஒரே இடத்தில் சுற்றும். ஒருவர் துடுப்பில் இருந்தால்தான் மற்றவர் வலையில் இருக்க முடியும். லூக்காவின் படகிலிருந்தவர்கள் மறுபடகுக் கூட்டாளிகளுக்குச் சைகை காட்டிக் கூப்பிட்டதை இந்த வேலையைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

1986இல் வறட்சியால் ஏரி வற்றியபோது கெனோசர் அருகே சேற்றிலிருந்து ஒரு பழைய படகு வெளிப்பட்டது. இயேசுவின் காலத்தை ஒட்டியது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். பன்னிரண்டு வகை மரத்துண்டுகள் அதில் இருக்கின்றன. பழைய படகுகளிலிருந்து கழற்றிய பலகைகளும் சேர்த்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். நல்ல மரம் வாங்க வழியில்லாதவர்கள் கட்டி, பழுதுபார்த்து, மறுபடி பழுதுபார்த்து ஓட்டிய படகு. யாக்கோபும் யோவானும் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டார்கள் என மாற்கு எழுதுகிறார். அழைப்பு வந்தது ஓய்விலோ ஜெபத்திலோ அல்ல, கிழிந்ததைக் கட்டும் வேலையின் நடுவில். அருளுரையாளர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இந்த இடத்தில் நான் நின்று பேச விரும்புவேன்.

2.3 யாருடைய மீன்

கப்பர்நகூமில் சுங்கச்சாவடி இருந்தது. லேவி அங்கே உட்கார்ந்திருந்தார். அந்திப்பா ஏரோதின் ஆட்சியில் மீன்பிடி உரிமையும் மீன் வணிகமும் வரிக்கும் குத்தகைக்கும் உட்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. செபெதேயுவிடம் கூலியாட்கள் இருந்தார்கள். ஏரிக்கரையில் இருந்த எல்லோரும் ஒரே தட்டில் இல்லை. குத்தகை எடுத்தவர், படகு வைத்திருந்தவர், கூட்டாளி, கூலிக்காரர் என்று அடுக்கு இருந்தது.

தமிழ்நாட்டு அணைகளில் இந்த அடுக்கு இன்றும் தெரியும். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி, பவானிசாகர் போன்ற அணைகளின் மீன்வளத்தை நிர்வகித்துவந்திருக்கிறது. மீன் பிடிப்பவர் கையில் வருவது மீனின் விலை அல்ல, கூலியோ பங்கோதான்.

பல்லடத்துக்காரருக்கு இதைப் புரியவைக்க அணைக்குக்கூடப் போக வேண்டாம். பல்லடம், சோமனூர் வட்டாரத்துக் கூலித்தறிக்காரரிடம் பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. மின்கட்டணமும் தறியின் தேய்மானமும் ராத்தூக்கமும் இவருடையவை. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தக் கோழிப்பண்ணையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தன் கையில் நிறைந்து கிடப்பது தனக்குச் சொந்தமில்லை என்ற நிலையைக் கலிலேய மீனவர் அறிந்திருந்தார். பல்லடத்தின் இந்த உழைப்பாளிகளும் அறிவார்கள். இரவெல்லாம் உழைத்து வெறுங்கையோடு கரைசேர்ந்ததை 'ஆவிக்குரிய வறட்சி' என்று மட்டும் விளக்குவது இவர்கள் வாழ்க்கையைத் தாண்டிப் போவதாகும். முதலில் அது கூலி இல்லாத ஒரு நாள். அப்படி ஒரு நாளில் கிறிஸ்து அவர்களுடைய படகில், அவர்களுடைய இடத்தில் ஏறி உட்கார்ந்தார். பாடம் அங்கே தொடங்குகிறது.

3. கரையில் பிரித்தல்

மத்தேயு 13இல் இழுவலை உவமை வருகிறது. வலை எல்லா வகையையும் வாரிக்கொள்கிறது. கரையில் உட்கார்ந்து நல்லதைக் கூடையில் சேர்த்து ஆகாததை எறிகிறார்கள். யூதருக்கு 'ஆகாதது' என்பது லேவியராகமம் 11இல் வரையறுத்தது: செதிலும் துடுப்பும் இல்லாதது. அந்த ஏரியில் செதிலில்லாத பெரிய கெளுத்தி ஒன்று உண்டு. நம் ஊரில் ஆப்பிரிக்கன் கெளுத்தி எனப்படும் அதே இனம்தான் அது. இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. சுதேசி மீன்களைத் தின்று அழித்துவிடும் என்பதே காரணம். அங்கே வேதச் சட்டம், இங்கே சூழல் சட்டம். விலக்கப்பட்டது ஒரே மீன்.

மீன் தன்னைத்தானே நல்லதென்றோ ஆகாததென்றோ ஆக்கிக்கொள்ளவில்லை. வலைக்கும் அதில் வேலை இல்லை. பிரிப்பது கரையில், கடைசியில், வேறு ஒருவர் கையால். உவமையின் விளக்கத்தில் அது தேவதூதர் வேலை. பிரசங்க மேடையிலிருந்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்களை இன்றே இரண்டு கூடையாகப் பிரிக்கும் பேச்சுக்கு இந்த உவமையில் இடமில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பகுதி மிரட்டலுக்குப் பயன்படுவதை அடிக்கடி கேட்க நேர்கிறது.

'மனிதரைப் பிடித்தல்' என்ற தொடரிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய ஏற்பாட்டில் வலை பெரும்பாலும் பயங்கரச் சின்னம். எரேமியா 16இல் மீனவர்கள் தண்டனை நிறைவேற்ற அனுப்பப்படுகிறார்கள். ஆபகூக் 1இல் கொடுங்கோலன் மனிதரை மீன்போல் வாரி, தன் வலைக்கே தூபம் காட்டுகிறான். இவற்றை அறிந்த யூத மீனவரிடம்தான் இயேசு அந்தச் சொல்லைச் சொன்னார். அவர் அதன் பொருளைத் தலைகீழாக்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவர்கள் பின்தொடர்ந்திருக்க மாட்டார்கள். நாமோ ஆட்களை எண்ணிக் கணக்குக் காட்டும் பேச்சில் அந்தத் தொடரைப் பழைய பொருளுக்கே திருப்பிவிடுகிறோம். அயலாரைப் பிடிபடும் பொருளாகப் பார்ப்பவர் ஆபகூக்கின் பக்கத்தை மறுபடி வாசிக்க வேண்டும்.

4. சாப்பாடு

4.1 வாற்கோதுமையும் கம்பும்

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த செய்தியை நால்வரும் எழுதினாலும், அப்பங்கள் வாற்கோதுமையால் ஆனவை என்று சொல்பவர் யோவான் மட்டுமே. கோதுமையைவிட வாற்கோதுமை மலிவு. வெளிப்படுத்தல் 6இல் ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமையும் மூன்று படி வாற்கோதுமையும் என விலை சொல்லப்படுகிறது. அது ஏழையின் தானியம். எலிசா நூறு பேருக்குப் பரிமாறியதும் வாற்கோதுமை அப்பங்களையே.

கொங்கு நாட்டில் முன்பு அந்த இடம் கம்புக்கும் சோளத்துக்கும் ராகிக்கும் உரியதாக இருந்தது. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும்தான். மற்ற நாளில் கம்மஞ்சோறு, ராகிக் களி, தொட்டுக்கக் கொள்ளுப்பருப்பு. இன்று ஓட்டலில் சிறுதானியம் ஆரோக்கிய உணவாகிவிட்டது. அக்காலத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தூக்குப்போசியைத் திறக்கக் கூசும் சாப்பாடு அது.

அந்த அப்பங்களை வைத்திருந்த பையனிடம் கூடவே இருந்த இரண்டு சிறு மீன் என்ன? ஏரிக்கரை மக்தலா மீன் உப்பிடும் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கிருந்து உப்புமீன் வெளியூர்களுக்குப் போயிற்று. கையில் கொண்டு திரியத் தக்க சிறு மீன் உப்பிட்டதாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கொங்குச் சந்தைகளிலும் கருவாட்டுக் கடைக்குத் தனி இடம் உண்டு. பனிக்கட்டியில் வைத்த கடல்மீன் இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் உக்கடம் சந்தைக்கு லாரியில் வரத் தொடங்குவதற்கு முன், உள்நாட்டு மக்களுக்குக் கடல் என்பது கருவாட்டின் உப்பாகத்தான் வந்தது. அந்தப் பையன் நீட்டியது கம்மஞ்சோறும் கருவாடும் என்று பல்லடத்தில் தாராளமாகச் சொல்லலாம். ஞாயிறு பள்ளிப் படங்களில் வரும் பொன்னிறப் பெரிய ரொட்டிகளும் பளபளக்கும் மீனும் அந்தச் செய்தியின் கூர்மையை மழுக்கிவிட்டன. ஒளித்துவைக்கத் தோன்றும் சாப்பாட்டை ஒரு பிள்ளை எல்லோர் முன்னும் எடுத்துக்கொடுத்தான். ஆண்டவர் அதை மாற்றி நெல்லுச்சோறாக்கவில்லை, அதையே பெருக்கினார். மிச்சமும் வாற்கோதுமைத் துணிக்கைதான். அதையும் வீணாக்காமல் பொறுக்கச் சொன்னார்.

தமிழ்த் திருச்சபைகளில் பிடியரிசி என்ற வழக்கம் உண்டு. அரிசியை உலையில் போடுமுன் பெண்கள் ஒரு பிடியைத் தனியே ஒரு கலத்தில் போட்டுச் சேர்த்து, பிறகு ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். மிசோரம் திருச்சபையில் இதே வழக்கம் 1910 வாக்கில் தொடங்கிப் பெரும் ஊழியங்களைத் தாங்கி நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது நேரம். சமைத்து, உண்டு, மிஞ்சியதைக் கொடுப்பதல்ல. பசி இருக்கும்போதே, உலை கொதிக்கும்போதே பங்கு பிரிகிறது. கொடுப்பவர் வீட்டுத் தலைவர் அல்லர், அடுப்படியில் நிற்கும் பெண். பையனின் செயலுக்கு இதைவிட நெருங்கிய விளக்கவுரை எனக்குத் தெரியவில்லை.

4.2 கோழி இல்லாத கோழிப்பண்ணை

கறிக்கோழி விலையைத் தமிழ்நாடே பல்லடத்திலிருந்து கேட்கிறது. ஆனால் மத்தேயு 23இல் வரும் கோழி, குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டிச் சேர்ப்பது, இந்தப் பண்ணைகளில் இல்லை. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்து, ஒருநாள் வயதில் பெட்டியில் வந்து, தாயைக் காணாமலே வளர்கிறது. பேதுருவை அழவைத்த சேவற்கூவலும் இங்கே கேட்காது. சுமார் 40 நாளில், கூவும் பருவத்துக்கு முன்பே, லாரி ஏறிவிடும்.

எனினும் சிறகின் பாடம் வேறு உருவில் இருக்கிறது. முதல் வாரங்களில் குஞ்சுகளுக்கு விளக்கோ கரியடுப்போ வைத்துச் சூடு கொடுக்க வேண்டும். மார்கழி இரவில் பண்ணைக்காரர் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கி இறக்கை விரித்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். தரை முழுதும் பரவி மேய்ந்தால் சரி. வாயில்லாத ஜீவன் கிடக்கும் கிடையைப் பார்த்தே அதன் தேவையை அறியும் இந்தக் கண், எருசலேமைப் பார்த்து அழுதவரின் பார்வையை விளக்க உதவும். அந்தப் பண்ணைக்காரரைக் கேட்டுவிட்டுப் பிரசங்கம் எழுதலாம்.

4.3 கை நனைத்தல்

ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்கிறோம். பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடியாமல் கை நனைக்க மாட்டார்கள். பகை உள்ள வீட்டில் கை நனைப்பதில்லை. கை நனைத்தால் உறவு. அதனால்தான் யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதைச் சாதி கண்ணும் கருத்துமாகக் காத்தது. கொங்குப் பகுதித் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை நம் காலம் வரை ஆவணப்படுத்தப்பட்ட செய்தி.

சென்னை மாகாணத் திருச்சபை வரலாற்றில் உணவு ஒரு சோதனையாகவே வைக்கப்பட்ட காலம் உண்டு. 1850இல் மதராஸ் மிஷனரி மாநாடு சாதி குறித்து ஒரு தீர்மானம் வெளியிட்டது. சாதியை விட்டேன் என்பவர், ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்த உணவை உண்ண ஆயத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சாதியை விட்டதாகக் கொள்ள முடியாது என்பது அதன் சாரம். அன்பின் விருந்து நடத்தி யார் உண்கிறார், யார் எழுந்து போகிறார் என்று பார்த்த மிஷன்களும் இருந்தன. லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்தக் கடுமையை ஏற்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே அதற்கு முன் இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர் என்பதும் வரலாறு.

சோதனையின் முறையை நான் முழுதும் ஏற்கவில்லை. சம்பளம் கொடுக்கும் மிஷனரி, சம்பளம் வாங்கும் உபதேசியாரை இலைமுன் உட்காரவைத்துப் பார்ப்பதில் அதிகாரத்தின் வன்மை இருக்கிறது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதை மிஷனரிகள் கண்டுபிடிக்கவும் இல்லை. அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை முகத்துக்கு முகம் எதிர்த்தார் (கலாத்தியர் 2). கொரிந்துவில் ஒருவர் பசித்திருக்க ஒருவர் வெறித்திருந்த விருந்தை, அது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று அதே பவுல் எழுதினார். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பங்குபெற்றவர்கள் திருமண வீட்டில் ஒரே பந்தியில் உட்காரத் தயங்கினால், தவறு திருமண வீட்டில் தொடங்கவில்லை. அன்பின் விருந்தில் யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் எச்சில் இலை எடுக்கிறார் என்று பார்த்தாலே ஒரு சபையின் இறையியலை எழுதிவிடலாம்.

5. கரித்தீ

யோவான் 21இல் மீனும் சாப்பாடும் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கே பிடிபட்ட 153 மீனைப் பற்றி அகஸ்தீன் ஒரு கணக்குச் சொன்னார்: பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரமும் சேர்ந்து பதினேழு; ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153. அழகான கணக்குதான். ஆனால் மீனவர் மீனை எண்ணியதற்கு எளிய காரணம் உண்டு. பங்கு பிரிக்க வேண்டும். இத்தனை விழுந்தும் வலை கிழியவில்லை என்று யோவான் வியப்பதும் தொழில்காரர் வியப்பே.

கரைசேர்ந்தவர்கள் பார்த்தது கரித்தீ, அதன்மேல் மீன், அப்பம். இந்த நற்செய்தியில் கரித்தீ இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த இடத்தில். அதே கரிப்புகையின்முன் அவரை இப்போது உட்காரவைக்கிறார் ஆண்டவர். தீயின்மேல் மீன் தயாராக இருக்கும்போதே, நீங்கள் பிடித்ததிலும் கொண்டுவாருங்கள் என்கிறார். அவருக்கு அது தேவையில்லை. இவர்களுடைய உழைப்பும் அந்த விருந்தில் சேர வேண்டும் என்பதே காரணமாக இருக்க முடியும்.

அடுத்து நடப்பது நம் வழக்கத்துக்கு நேர் எதிர். பேச்சு முடிந்த பிறகே நாம் கை நனைப்போம். இங்கே துரோகம் செய்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், கணக்குத் தீரவில்லை, மன்னிப்பும் கேட்கப்படவில்லை. ஆண்டவர் முதலில் அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுக்கிறார். அவர்கள் சாப்பிட்ட பின்னரே பேதுருவிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்வியைக் கேட்கிறார் என்று யோவான் கவனமாக எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டுக் கேட்போர் இந்த வரிசையின் கனத்தை வேறெவரையும்விட ஆழமாக உணர்வார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி வீட்டுக்குப் போய், சமரசம் பேசுமுன், போட்ட சோற்றைச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

6. நொய்யலும் எசேக்கியேலின் ஆறும்

மீனைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வும் இந்த வட்டாரத்தில் நொய்யலைத் தவிர்க்க முடியாது. வெள்ளியங்கிரியில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியே காவிரியில் சேரும் ஆறு. 1992இல் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டது. அதில் வந்து தேங்கியது சாயப்பட்டறைக் கழிவு. உழவர்கள் தங்களுக்கென்று கட்டிய அணையின் தண்ணீரை வேண்டாமென்று நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத முறை அதன்பின் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. பல்லடத்து விசுவாசிகளில் பலருக்குச் சோறு இந்தத் துணித் தொழிலிலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாவும் சாப்பாடும் ஒரே தண்ணீரில் கலந்திருந்தன.

எகிப்தின் முதல் வாதையில் நதியின் மீன் செத்து நாறியதை யாத்திராகமம் 7 சொல்கிறது. அதற்கு மறுதலையாக எசேக்கியேல் 47 நிற்கிறது. ஆலயத்தின் வாசற்படியிலிருந்து புறப்படும் தண்ணீர் உப்புக்கடலில் போய் விழுந்து அதைக் குணமாக்குகிறது. குணமானதற்குத் தீர்க்கதரிசி காட்டும் சான்று பலியோ பாட்டோ அல்ல. என்கேதி தொடங்கி என்எக்லாயிம் வரை மீனவர்கள் கரையில் நின்று வலை விரிக்கிறார்கள். பெருங்கடலைப் போலப் பலவகை மீன் கிடைக்கிறது. ஆலயத்தின் ஆசீர்வாதம் மெய்தானா என்பதை ஆலயத்துக்கு வெகுதூரத்தில், கீழ்மடையில் இருக்கும் தொழிலாளியின் வலைதான் சொல்கிறது. சேற்றுநிலங்கள் மட்டும் குணமாகாமல் உப்புக்கு விடப்படும் என்று 11ஆம் வசனம் ஒரு விதிவிலக்கும் வைக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் அடுக்கிவைத்திருக்கும் திருப்பூருக்கு அந்த வசனம் விளங்கும்.

அதற்கடுத்த வசனத்தில் ஆற்றின் இரு கரையிலும் மரங்கள் வளர்கின்றன, மாதந்தோறும் காய்க்கின்றன, கனி உணவுக்கு, இலை மருந்துக்கு. மேலே பிரித்துப் பேசிய வலையும் உணவும் எசேக்கியேலிடம் ஒரே தண்ணீரின் விளைவுகள். நொய்யற்கரைச் சபைகள் இந்த அதிகாரத்தை வாசிக்கும் நாளில், கீழ்மடை ஊர்களின் கிணற்றுத் தண்ணீரை இன்று குடிக்க முடிகிறதா என்பதையும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டறிவது அருளுரை ஆயத்தத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.